பளிங்கில் மண்டியிட்ட தம்பி

வின்டர்கோம்ப் மாளிகை, வில்ட்ஷயர்
1597, அக்டோபர் 9

அன்புத் தம்பி ஜாஸ்பருக்கு உர்சுலா அக்கா எழுதிக்கொள்வது.

ஆண்டவன் அருளால் இங்கே எல்லாரும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு ஒரு நாள் முன்னதாகவே சேதி சொல்லிவிடுகிறது. உன் இருமல் விட்டதா? லூவென் நகரத்தில் நல்ல தேன் கிடைக்கும் என்கிறார்கள், வாங்கிச் சாப்பிடு.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நீ அரசியின் அனுமதி இல்லாமல் கடல் தாண்டிப் போய்ப் பழைய கத்தோலிக்க சபையில் சேர்ந்ததிலிருந்து, சாப்பாட்டு மேசையில் உன் பெயரை யாரும் எடுக்கக் கூடாது என்று அப்பா வைத்திருக்கிறார். அதில் மாற்றமில்லை. ஆனால் இப்போது அவருக்குப் புதுப் பைத்தியம் ஒன்று பிடித்திருக்கிறது. தன் கல்லறையைத் தானே கட்டுகிறார்! லண்டனிலிருந்து யூஸ்ட் என்று ஒரு டச்சுக்கார சிற்பி வந்திருக்கிறார். எட்டு மாடு பூட்டிய வண்டியில் பால்நிறப் பளிங்கு வந்து இறங்கியது. தேவாலயம் முழுக்க வெள்ளைத் தூசி. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் பாதிரியார் தும்மிய தும்மலில் நரகத்தைப் பற்றிச் சொன்னது ஒன்றும் எங்களுக்குக் கேட்கவில்லை.

மேலே அப்பா கவசம் போட்டுப் படுத்திருக்கிறார். அந்தக் கவசத்தில் அவர் நுழைந்து இருபது வருஷம் ஆகிறது, இப்போது நுழைந்தால் தொப்பை விடாது. பக்கத்தில் நம்மைவிட்டுப் போன அம்மா. கீழே வரிசையாக மண்டியிட்டு நாம் மூன்று பேர். மார்ஜரி கையில் மண்டை ஓடு. பெற்றவருக்கு முன்னால் போன பிள்ளைக்கு அதுதானே வழக்கம். ஆறு வயதில் போனவளைப் பதினாறு வயதுப் பெண்ணாகச் செதுக்கிவிட்டார் யூஸ்ட். எனக்கு இடுப்பு பீப்பாய் மாதிரி வந்திருக்கிறது, அதற்கு நான் அவரோடு சண்டை போட்டாயிற்று. உனக்கு அழகான கழுத்துப்பட்டை. ஒவ்வொரு மடிப்பும் தெரிகிறது.

கடிதம் கொண்டுபோகும் துணி வியாபாரி கிளம்பிவிட்டார், நிறுத்துகிறேன். உன் நலத்துக்கு நாள்தோறும் வேண்டிக்கொள்ளும்,
உர்சுலா

லூவென்
1597, நவம்பர் 20 (உங்கள் ஊரில் இன்னும் 10தான்)

என் அன்பு அக்காவுக்கு ஆயிரம் வணக்கம்.

நான் நலம். இருமல் பாதி விட்டது, மீதி என்னோடு குடியிருக்கிறது. நீ சூடான செங்கல்லைத் துணியில் சுற்றி முழங்காலுக்குக் கொடு.

போப்பாண்டவர் நாட்காட்டியைத் திருத்தியதிலிருந்து நான் உங்களைவிடப் பத்து நாள் முன்னால் இருக்கிறேன். உன் கடிதத்தைப் பிரிக்கும்போதெல்லாம், எனக்குக் கழிந்துபோன ஒரு நாளில் நீ இன்னும் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பது போலத் தோன்றும். கையை நீட்டினால் தொட்டுவிடலாம் என்றிருக்கும்.

அக்கா, அப்பா என்னைக் கல்லில் வைத்தாரா? நிஜமாகவா? அச்சகத்தில் வேலையே ஓடவில்லை. பிழை திருத்த வேண்டிய பக்கத்தில் நானே மூன்று பிழை செய்தேன். வீட்டுக்கு வெளியே ஆக்கப்பட்டவனுக்குக் கல்லறையில் இடம் கொடுப்பார்களா? அவர் மனம் இளகிவிட்டது, எனக்குத் தெரிகிறது. நேற்று கனவில் நம் புல்வெளியில் வெள்ளம் ஏறி, மாடுகளெல்லாம் மேகத்தின் மேல் நிற்பது போல நின்றன. அப்பா கரையில் நின்று கையசைத்தார்.

கழுத்துப்பட்டையைச் சொன்னாய், கையைச் சொல்லவில்லையே. நான் கையில் என்ன வைத்திருக்கிறேன்? புத்தகமா? சும்மா கை கூப்பியிருக்கிறேனா? அவசியம் எழுது.

உன் கையை முத்தமிடும் தம்பி,
ஜாஸ்பர்

வின்டர்கோம்ப்
1598, ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் நலமாயிருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். பதில் போடத் தாமதமாகிவிட்டது. கிறிஸ்துமஸ் வேலை, அப்புறம் பனி, அப்புறம் எனக்குச் சளி.

சித்தப்பா மகன் ரோலண்ட் வந்து பண்டிகையின் பன்னிரண்டு நாளும் தின்று தீர்த்தான். தனக்கு நான்கு வயதில் உன்னைப் பார்த்தது, ஞாபகமே இல்லை என்கிறான். வாத்தை அறுக்கும்போதே கண் கூரையை அளக்கிறது. எந்தக் காடு நமது, எந்தக் குளம் நமது என்று காரியஸ்தர் பிளவுண்டிடம் கேட்டுக்கொண்டே இருந்தான். பிளவுண்ட் அவனை ஒரு சதுப்பில் கூட்டிப்போய் இடுப்பு வரை இறக்கிவிட்டு, "மன்னிக்கணும் ஐயா, வழி தவறிப்போச்சு"ன்னார். நாற்பது வருஷமாக அந்த நிலத்தில் நடக்கிறவர்!

குலவரிசை எழுதும் அதிகாரி ஒருவர் இந்த வட்டாரத்தில் சுற்றுகிறார். போன வாரம் நம் தேவாலயத்துக்கு வந்து கல்லறையை வரைந்துகொண்டு, பெயர்களையெல்லாம் எழுதிப் போனார்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன். பளிங்கில் கைகளைச் செதுக்குவதுதான் கஷ்டம் என்கிறார் யூஸ்ட். வேறு விசேஷமில்லை.

என்றும் அன்புடன்,
உர்சுலா

லூவென்
1598, பிப்ரவரி 26

அக்காவுக்கு,

காலுறை கிடைத்தது. அளவு சரியாயிருக்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன் கடிதத்தை ஒன்பது தடவை படித்தேன். வாத்து இருக்கிறது, ரோலண்ட் இருக்கிறான், சதுப்பு இருக்கிறது. நான் கேட்டது இல்லை. நீ பொய் சொல்லத் தெரியாதவள். பொய் சொல்ல வேண்டிய இடம் வந்தால் சமையலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாய், சின்ன வயதிலிருந்தே.

மார்ஜரி கையில் இருப்பதுதான் என் கையிலும் இருக்கிறதா? ஒரு சொல் எழுதினால் போதும்.

ஜாஸ்பர்

வின்டர்கோம்ப்
1598, மார்ச் 30

ஜாஸ்பர்,

ஆமாம்.

என்னை மன்னித்துவிடு. உன் சந்தோஷக் கடிதத்தை வாசித்தபின் எனக்கு எழுத மனம் வரவில்லை. யூஸ்ட் அளவெடுக்கும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"எத்தனை புள்ளைங்களுக்கு மண்டை ஓடு, பிரபுவே?" என்று கேட்டார்.

"ரெண்டு."

"ஒரு பொண்ணுதானே போயிருக்கு? உர்சுலா அம்மா அப்படித்தான் சொன்னாங்க."

"உன்னைச் செதுக்கக் கூப்பிட்டேனா, குறுக்குக் கேள்வி கேக்கக் கூப்பிட்டேனா? ரெண்டுன்னா ரெண்டு."

நான் யூஸ்டின் சுத்தியலை எடுத்துத் தரையில் வீசினேன். ஒரு பலகைக்கல் விரிசல் விட்டது. அப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சுத்தியலை அவர்கிட்ட குடு, உர்சுலா"ன்னு மட்டும் சொன்னார். எனக்கு இன்றைக்கும் கோபம் ஆறவில்லை. அவர் மேலும், உன் மேலும். போகும்போது அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் நீ.

திட்டியாவது எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உர்சுலா

வின்டர்கோம்ப்
1598, ஜூன் 18

அன்புத் தம்பிக்கு,

இரண்டு கப்பல் வந்து போய்விட்டன. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நீ நலமாக இருக்கிறாய் என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

அப்பாவுக்குக் கண்ணில் படலம் விழுந்துவிட்டது. பெரிய வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. யூஸ்ட் வேலை முடித்துப் போய் இரண்டு மாதம் ஆகிறது. ஆனாலும் அப்பா தினமும் மதியம் சுவரைப் பிடித்துக்கொண்டு தேவாலயத்துக்குப் போகிறார். யாரும் கூட வரக் கூடாது. ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். அவர் தன் சிலையருகே இல்லை, அம்மா அருகிலும் இல்லை. தரையில் உட்கார்ந்து உன் கல்மேல் கை வைத்திருந்தார். சன்னல் கண்ணாடியின் சிவப்பும் நீலமும் அவர் தலைமேல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

"அப்பா, வீட்டுக்குப் போலாம்"னு கூப்பிட்டேன்.

"சில்லுனு இருக்கு"ன்னார். அவ்வளவுதான். கல்லையா, தன் கையையா, தெரியவில்லை.

அவருக்கு எழுபத்தொன்று ஆகிறது, ஜாஸ்பர். வா என்று எழுத எனக்குப் பயம். துறைமுகத்தில் இறங்கினால் உன்னைச் சிறைக்குத்தான் கூட்டிப்போவார்கள். அதனால் நான் லண்டன் போகிறேன். ஸ்ட்ராண்ட் தெருவில் ஆல்ட்வின் சீமாட்டி வீட்டில் தங்கி, யார் காலில் விழ வேண்டுமோ விழுந்து, உனக்கு மன்னிப்புக் கடிதம் வாங்கப் பார்க்கிறேன். அது கையில் வரும்வரை நகராதே.

உர்சுலா

லூவென்
1598, ஜூலை 29

அன்பு அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிப்பு. காய்ச்சலில் கிடந்தேன், இப்போது எழுந்து நடக்கிறேன்.

உன் "ஆமாம்" வந்த நாளிலிருந்து வேறு மாதிரி ஆகிவிட்டேன். ரொட்டி வாங்கப் போனால் கடைக்காரி என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் நிற்பவரைப் பார்ப்பதாகத் தோன்றும். கால்வாய்ப் பாலத்தில் நின்றால் தண்ணீரில் என் முகம் வருகிறதா என்று குனிந்து பார்ப்பேன். வரும். இறந்தவனுக்கும் பசிக்கிறது, சிரிப்பு வருகிறது, அச்சகத்தில் தூக்கம்கூட வருகிறது. அது ஒன்றும் பயமாயில்லை, அக்கா. தூரத்திலிருந்து மணி கேட்பது போல ஒரு மெத்தென்ற நிலை. ஆனால் அவர் என் கல்மேல் கை வைத்திருந்தார் என்று எழுதினாயே, அதைப் படித்ததும் விழித்துக்கொண்டேன்.

நகராதே என்கிறாய். இனி லூவெனுக்கு எழுதாதே. எங்கே எழுதுவது என்றும் கேட்காதே.

உன் தம்பி,
ஜாஸ்பர்

வின்டர்கோம்ப்
1598, செப்டம்பர் 3 (இப்போது நானும் உன் தேதியில் இருக்கிறேன்)

அன்பு அக்காவுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். கோபித்துக்கொள், பிறகு படி.

துணி வியாபாரியின் ஆளாக இறங்கினேன். யாரும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போகத் துணிவில்லாமல் நேராகத் தேவாலயத்துக்குப் போனேன். மதிய வெயில். அவர் அங்கே இருந்தார். எவ்வளவு சின்ன மனிதராகிவிட்டார், அக்கா.

"யாரு? பிளவுண்டா?"

"இல்லீங்க. வழிப்போக்கன்."

"பாக்கணும்னா பாரு. எல்லாரும் வந்து பாத்துட்டுத்தான் போறாங்க. மேலே இருக்கிறது என் பொண்டாட்டி. கல்லாயும் என்னை முறைக்கிறாளாம், என் பொண்ணு சொல்றா."

"இது யாருங்க?"

"என் பையன்."

"இறந்துட்டாருங்களா?"

கூரையில் ஒரு புறா நடக்கும் சத்தம் கேட்டது.

"சாகல. செத்துட்டான்னு நான்தான் சொன்னேன். கோவத்துல வாயால சொன்னா மறுநா மாத்திச் சொல்லலாம். நான் கல்லுல சொல்லிட்டேன்."

அந்தப் பாழாய்ப்போன இருமல் அப்போதுதான் வர வேண்டுமா? இருமினேன். அவர் தலையை நிமிர்த்தினார்.

"கையைக் காட்டு"ன்னார்.

"எதுக்குங்க?"

"காட்டுன்னா காட்டுடா."

நீட்டினேன். இரண்டு கையையும் பிடித்து, உள்ளங்கையைத் தடவி, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, நடுவில் எதையோ தேடினார். கல்லில் அங்கே மண்டை ஓடு இருக்கிறது.

"ஒண்ணுமில்ல"ன்னார்.

"ஒண்ணுமில்லப்பா."

அப்புறம் நாங்கள் இருவரும் அழுததைத்தான் எழுத முடியும், அதை எழுதி என்ன? நாளைக்கே ஆளனுப்பி யூஸ்டை வரவழைத்து அதை வெட்டி எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார். உன் வேலை எந்த மட்டில் இருக்கிறது?

ஜாஸ்பர்

ஸ்ட்ராண்ட் தெரு, லண்டன்
1598, செப்டம்பர் 11

தம்பி,

உடனே யூஸ்டை நிறுத்து. கல்லில் உளி படக் கூடாது. மற்றதை அப்புறம் படி.

ஓடிப்போனவர்களின் பெயர்ப் புத்தகத்தை வைத்திருக்கும் எழுத்தரைப் பிடிக்க எனக்கு ஏழு வாரம் ஆயிற்று. மூக்கில் மையோடு ஒரு கிழவர். பக்கத்தைப் புரட்டிவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அம்மா, செத்தவருக்கு மன்னிப்பு எழுத எனக்கு அதிகாரம் கிடையாதுங்களே."

உன் பெயருக்கு நேரே கோடு. "தகப்பனார் கல்லறைப்படி இறந்தவர், வாரிசில்லை." குளிர்காலத்தில் வந்தாரே குலவரிசை எழுதுகிறவர், அவர் வரைந்துபோன படத்திலிருந்து எழுதியிருக்கிறார்கள்.

"அப்போ அவனை யாரும் தேட மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"கல்லறைக்குள்ள போயா தேடுவாங்க? வீட்டுக்குப் போங்கம்மா, அழுது உடம்பைக் கெடுத்துக்காதீங்க."

நான் சிரிப்பை அடக்கியதை அழுகை என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார். தெருவுக்கு வந்தபின் நிஜமாகவே அழுதேன். அப்பா கோபத்தில் உன் கையில் வைத்தது இன்றைக்கு உன்னைக் காக்கிறது. அதை வெட்டினால் நீ உயிரோடு வருவாய், வந்த கையோடு சிறைக்குப் போவாய். அதை விட்டுவைத்தால் வீட்டில் இருக்கலாம், ஆனால் யாராகவோ. பட்டமும் வீடும் ரோலண்டுக்குப் போகும். அவன் காதுக்கு இது எட்டவே கூடாது.

என்ன செய்வதென்று நீயும் அப்பாவும் முடிவு செய்யுங்கள். என்னைச் சீமாட்டி தன் தோழியாக இங்கேயே வைத்துக்கொண்டார். உபகாரம் கேட்டவள் மறுக்க முடியுமா? நான் வெளியே இருக்கும் முறை இப்போது.

உர்சுலா

வின்டர்கோம்ப்
1598, அக்டோபர் 20

மரியாதைக்குரிய உர்சுலா அம்மையாருக்கு,

பிரபு நலம். நானும் நலம். தங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

உன் கடிதம் வந்தபோது யூஸ்ட் உளியோடு மண்டியிட்டுவிட்டார். நான் ஓடிப்போய் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கல்லறையின் விளிம்பைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்துப்போயின. "உளியை எடுத்துட்டுப் போ, யூஸ்ட்"னு சொல்லும்போது குரல் உடைந்தது. ரோலண்டிடம் எல்லாம் போவதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை, அக்கா. அந்தக் கல்லை அவர் ஒவ்வொரு நாளும் அப்படியே விட்டுவைக்க வேண்டியிருக்கிறதே, அதுதான் தாங்கவில்லை. இப்போதும் மதியம் போகிறோம். நாங்கள் அங்கே இருக்கும்வரை அந்த மண்டை ஓட்டைத் தன் கையால் மூடிக்கொள்கிறார்.

நான் இப்போது ஜான் மார்ஷ். கண் தெரியாத பிரபுவுக்குப் புத்தகம் வாசிக்க வந்தவன். பழைய ஆட்கள் யாரும் ஏமாறவில்லை, யாரும் காட்டிக்கொள்ளவும் இல்லை. சமையல்கார மோட் என் முன்னால் பேரிக்காய் அப்பத்தை வைத்து, "என்ன அதிசயமோ, எங்க ஜாஸ்பர் தம்பிக்குப் புடிச்சதெல்லாம் இந்த மார்ஷ் ஐயாவுக்கும் புடிக்குது"ன்னு கூரையைப் பார்த்துச் சொல்கிறாள்.

வீட்டில் அவர் என்னை மார்ஷ் என்றுதான் கூப்பிடுகிறார். புல்வெளிக்கு வந்ததும் மாறிவிடும். பனி எழும்பி, முழங்கால் வரை நாங்கள் தெரியாமல் நடப்போம். "ஜாஸ்பர்" என்பார். "என்னப்பா?" என்பேன். ஒன்றுமில்லை என்பார். பத்தடி போய் மறுபடி "ஜாஸ்பர்." ஏழு வருஷம் சொல்லாததை ஒரே நடையில் சொல்லித் தீர்க்கிறார்.

தங்கள் பணிவுள்ள,
ஜான் மார்ஷ்

வின்டர்கோம்ப்
1600, மார்ச் 4

அன்பு அக்காவுக்கு,

நீ நலமாயிருக்க வேண்டும். அழுது அழுது கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

வெள்ளிக்கிழமை அப்பாவை அடக்கம் செய்தோம். ஆண்பிள்ளைச் சாவில் பெண்கள் ஊர்வலத்தில் நடக்கக் கூடாது என்று விதி வைத்தவர்களை நீ திட்டியிருப்பாய், சரிதான். அதனால் நடந்ததை உனக்கு எழுதுகிறேன். அவர் இரண்டு நாள்தான் படுத்திருந்தார். வலியில்லை. புல்வெளியில் தண்ணீர் ஏறிவிட்டதா என்று கேட்டார், ஏறிவிட்டது என்றேன், தூங்கிவிட்டார்.

லண்டனிலிருந்து வந்த அதிகாரிகள் எல்லாவற்றையும் முறைப்படி நடத்தினார்கள். தலைமைத் துக்கக்காரனாக ரோலண்ட், நீண்ட கறுப்பு அங்கியைத் தரையில் இழுத்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் நடந்தான். அது என் இடம். நான் கூட்டத்தில் வேடிக்கை பார்க்க நிற்பதாக இருந்தேன். காலையில் பிளவுண்ட் வந்து ஒரு கறுப்பு அங்கியை என் தோளில் போட்டார். முன்னால் நடக்கும் ஏழைகளின் அங்கி. பிரபுவுக்கு எத்தனை வயதோ அத்தனை ஏழைகள் நடப்பது வழக்கமாயிற்றே, எழுபத்துமூன்று பேர்.

"பிரபு சொன்னதுங்க," என்றார் பிளவுண்ட். "அதுல ஒண்ணு மார்ஷுக்குன்னார். வரிசையில இத்தனாவது இடம்னுகூடச் சொல்லிட்டார். ரெண்டு தடவை திருப்பிச் சொல்ல வெச்சார். எதுக்குன்னு எனக்கு வெளங்கல."

எனக்கும் விளங்கவில்லை. போய் நின்றேன். எனக்கு முன்னால் கண்தெரியாத ஒரு கூடை முடைபவர், பின்னால் ஒற்றைக்கால் சிப்பாய். பனி அடர்ந்திருந்தது. முன்னால் நடப்பவர்கள் ஒவ்வொருவராக வெள்ளைக்குள் மறைந்தார்கள், மணி மட்டும் கேட்டது. தேவாலய வாசலில் ஒரு அதிகாரி ஆட்கள் குறையாமல் வருகிறார்களா என்று சத்தமாக எண்ணி உள்ளே விட்டார். என் முறை வந்தபோது, "நாப்பத்தொண்ணு"ன்னு சொல்லித் தோளைத் தட்டினார்.

அக்கா, நான் பிறந்தபோது அப்பாவுக்கு வயது நாற்பத்தொன்று.

படித்துவிட்டு இந்தக் கடிதத்தை எரித்துவிடு. ஆண்டவன் உன்னைக் காக்கட்டும்.

உன் தம்பி,
ஜாஸ்பர்